மலையின் நீரும் மலைமக்களின் மின்சாரமும்

குழித்துறைப் பாலத்தின் மேல் நின்று ஆற்றைப் பார்த்திருக்கிறீர்களா? ஆடி அமாவாசையன்று வாவுபலிக்காக ஊரே அந்தக் கரையில் கூடும். முன்னோர்க்குப் பலியிட்டு நீராடிவிட்டு, பொருட்காட்சியில் ஒரு மரக்கன்றும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவோம். அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "மூவாற்றுமுகத்திலிருந்து" என்பது பலர் தரும் விடை. கோதையாறும் பரளியாறும் அங்கே ஒன்று சேர்ந்து, குழித்துறையைத் தொட்டுத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் கலக்கின்றன. ஆனால் அதற்கும் மேலே ஒரு வரலாறு உண்டு. நான் வகுப்பில் பல ஆண்டுகளாகப் புனல் மின்சாரம் பற்றிப் பாடம் நடத்தியும், அந்த வரலாற்றை எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தவர் முதலாண்டு மாணவர் ஒருவர்.

நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறுவதற்குக் கோதையாறு மின்நிலையத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பேச்சிப்பாறை அணைக்கு அப்பால், படகில் கடந்து போக வேண்டிய காணிக் குடியிருப்பைச் சேர்ந்த அந்த மாணவர் எழுந்தார். "சாறே, அந்தத் தண்ணி எங்க மலைல இருந்துதானே வருது? பின்னே எங்க வீட்டுக்கு மட்டும் கரண்டு ஏன் இவ்வளவு பிந்தி வந்துது?" என்றார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது இயற்பியல் கேள்வியும் ஆகும், வரலாற்றுக் கேள்வியும் ஆகும். இரண்டையும் சேர்த்தே இங்கே பார்க்கலாம்.

முதலில் பேச்சிப்பாறை. திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில், 1897-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை அது. பொறியாளர் மிஞ்சின். மக்கள் அவரை 'மூக்கன் துரை' என்று அழைத்ததாகச் சொல்வார்கள். 1913-இல் அவர் இறந்தபோது அணையின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். நாஞ்சில் நாட்டு வயல்கள் அந்த நீரால் விளைந்தன என்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அணைக்கட்டின் கதையை நாம் எப்போதும் கீழிருந்து, அதாவது வயலிலிருந்தே சொல்கிறோம். மேலேயிருந்து சொன்னால் அது வேறு கதையாக இருக்கும்.

மேலே இருந்தவர்கள் காணிக்காரர்கள். 'காணி' என்றால் நிலம், உரிமை நிலம். பெயரிலேயே நிலத்தை வைத்திருக்கும் மக்கள். தலைவரை மூட்டுக்காணி என்றும், நோய்க்கு மருந்தும் மந்திரமும் அறிந்தவரைப் பிலாத்தி என்றும் அழைத்தார்கள். காட்டின் ஒரு பகுதியைத் திருத்திப் பயிர் செய்து, சில ஆண்டுகளில் அதை விட்டு வேறிடம் போய், பழைய இடத்தைக் காடு மீட்டுக்கொள்ள விடுவது அவர்கள் வேளாண்மை முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் காடுகள் ஒதுக்குக் காடுகளாக அறிவிக்கப்பட்டன. பிறகு 1911-இல் மலைவாழ் மக்களுக்கென்று திருவிதாங்கூர் அரசு தனி விதிகளையும் வகுத்தது. காட்டில் வாழ்ந்தவர்கள் காட்டில் தங்க அனுமதி பெற்றவர்களானார்கள். இந்தச் சொல் மாற்றம் சிறியதாகத் தோன்றலாம். பின்னால் வந்ததெல்லாம் இதிலிருந்தே வந்தது.

1956 நவம்பர் 1-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தது. அதன்பின் கோதையாற்றில் மின்நிலையங்கள் எழுந்தன. முதல் நிலையம் 60 மெகாவாட், 1970-இல். இரண்டாவது 40 மெகாவாட், 1971-இல். முதல் நிலையத்தில் டர்பைனைச் சுழற்றி வெளியேறும் நீரையே இரண்டாவது நிலையம் மறுபடி பயன்படுத்துகிறது. பிறகு அதே நீர் பேச்சிப்பாறைக்கு வந்து பாசனத்துக்கும் போகிறது. ஒரே நீர், இரண்டு முறை மின்சாரம், ஒரு முறை நெல். பொறியியல் நோக்கில் இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. முழுத் திறனில் இயங்கினால் இரண்டும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் ஒரு லட்சம் யூனிட் தரும்.

இப்போது மாணவரின் கேள்வி. மின்நிலையம் பக்கத்திலேயே இருந்தும் குடியிருப்பில் விளக்கு ஏன் எரியவில்லை? நீண்ட தூரம் போகும் மின்சாரத்தை உயர்ந்த மின்னழுத்தத்தில் அனுப்பினால்தான் கம்பிகளில் இழப்பு குறையும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். ஒரு லட்சம் வோல்ட்டுக்கு மேல் பாயும் கம்பி உங்கள் கூரைக்கு மேலேயே போனாலும், அதிலிருந்து ஒரு குண்டு பல்பை எரிக்க இயலாது. துணைநிலையம் அமைத்து, அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, மறுபடி மலையேற்றிக் கம்பி இழுக்க வேண்டும். இருபது முப்பது வீடுகளுக்காக அதைச் செய்ய எந்த வாரியத்தின் கணக்கும் இடம் கொடுப்பதில்லை. ஆகவே மலையில் பிறந்த மின்சாரம் சமவெளிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து மிகவும் பிந்தி மலைக்குத் திரும்புகிறது. இயற்பியல் இதை விளக்கும். ஆனால் நியாயமாக்காது.

இது நம் மாவட்டத்துக்கு மட்டும் உரிய கதையன்று. நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. தோடர்கள் புனிதமாகப் போற்றிய ஆறு அது. பின்னர் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாட்டின் உதவியோடு குந்தா திட்டம் வந்தது. அந்தக் கனடாவில் அடுத்த சில ஆண்டுகளில் என்ன நடந்தது என்று பாருங்கள். கியூபெக் மாகாண அரசு 1971-இல் ஜேம்ஸ் விரிகுடாவில் மாபெரும் புனல் மின்திட்டத்தை அறிவித்தது. அந்த ஆறுகளின் கரையில் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த கிரீ மக்களை யாரும் கலந்து பேசவில்லை. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1973 நவம்பரில் நீதிபதி மாலூஃப் வேலையை நிறுத்தத் தடை விதித்தார். ஒரு வாரத்தில் மேல்நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிவிட்டது. ஆனாலும் அரசு உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. 1975 நவம்பர் 11-ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாகியது. அணை நிற்கவில்லை. மலைமக்களையும் காட்டுமக்களையும் கேட்காமல் அணை கட்டலாம் என்ற எண்ணம்தான் அன்றோடு ஆட்டம் கண்டது.

பிலிப்பைன்சில் நடந்தது இதைவிடக் கடுமையானது. மார்க்கோஸ் ஆட்சி 1970-களில் சிக்கோ ஆற்றின்மேல் நான்கு அணைகள் கட்டத் திட்டமிட்டது. உலக வங்கியின் உதவியும் இருந்தது. கலிங்கா, பொண்டோக் மக்களின் படிக்கட்டு வயல்களும் முன்னோர் அடக்கமான இடங்களும் மூழ்கிப்போகும் நிலை. எதிர்ப்பின் முன்னணியில் நின்ற கலிங்காத் தலைவர் மக்லிங் துலாக் 1980 ஏப்ரல் 24-ஆம் நாள் படைவீரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்குப் பிறகு எதிர்ப்பு பெருகியது. திட்டம் கைவிடப்பட்டது. 1982-இல் உலக வங்கி பழங்குடியினர் பற்றித் தனிக் கொள்கை ஒன்றை வகுத்ததற்குச் சிக்கோவும் ஒரு காரணம்.

இதோடு கதையை நிறுத்தினால், பழங்குடியினர் மின்சாரத்துக்கே எதிரிகள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடும். அப்படி நினைப்பவர்கள் படித்தவர்களிலும் உண்டு. 1990-களில் அதே கலிங்கா மாகாணத்தில் ங்கிபாட் என்ற சிற்றூர் தன் ஓடையில் ஒரு சின்னஞ்சிறு மின்நிலையத்தை நிறுவிக்கொண்டது. திறன் ஏறத்தாழ 5 கிலோவாட். பகலில் நெல் குத்தவும் கரும்பு பிழியவும் கொல்லன் பட்டறைக்கும் உதவும், இரவில் வீடுகளுக்கு ஒளி தரும். ஆயிரம் மெகாவாட்டை மறுத்தவர்களின் அண்டை அயலார் 5 கிலோவாட்டைத் தாங்களே சுமந்து போய் மலையில் வைத்தார்கள்.

மலேசியாவின் சராவாக்கிலும் இதேபோல் ஒன்று நிகழ்ந்தது. பாக்குன் அணை 2,400 மெகாவாட் திறனுக்காகத் திட்டமிடப்பட்டு 2011-இல் இயங்கத் தொடங்கியது. அதற்காக ஏறத்தாழ 10,000 பேர் 1990-களின் இறுதியில் சுங்கை அசாப் என்ற இடத்துக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். கென்யா படெங் மக்களில் ஒரு பகுதியினர் அங்கே போக மறுத்தார்கள். லோங் லாவென் என்ற தங்கள் முன்னோர் நிலத்திலேயே ஊர் அமைத்து, 2002-இல் 10 கிலோவாட் அளவில் சொந்தப் புனல் மின்நிலையம் கட்டிக்கொண்டார்கள். பாக்குன் அதைப்போல் 2,40,000 மடங்கு பெரியது. ஆனால் லோங் லாவெனில் ஒரு வீடு கூட மூழ்கவில்லை.

இந்தச் சிறு நிலையங்கள் எப்படி இயங்குகின்றன? கணக்கு மிகவும் எளிது. ஓடையில் நொடிக்கு எத்தனை லிட்டர் நீர் வருகிறது, அது எத்தனை மீட்டர் இறங்குகிறது, இவை இரண்டையும் 9.8-ஆல் பெருக்குங்கள். வாட் கணக்கில் திறன் கிடைக்கும். நொடிக்கு 30 லிட்டர், உயரம் 30 மீட்டர் என்று கொள்வோம். 30 × 30 × 9.8 = 8,820 வாட். குழாயில் உராய்வு, டர்பைனிலும் மின்னாக்கியிலும் இழப்பு ஆகியவற்றைக் கழித்து அறுபது விழுக்காடு கையில் நிற்கும் என்றால், ஏறத்தாழ 5,300 வாட். ங்கிபாட் ஊருக்குக் கிடைத்ததும் ஏறத்தாழ இதுதான். பெரிய அணை வேண்டாம். ஓடையின் ஒரு பகுதி நீரைச் சிறு வாய்க்காலில் திருப்பி, மணல் படியத் தொட்டி வைத்து, குழாய் வழியாக இறக்கி, டர்பைனைச் சுழற்றியபின் மறுபடி ஓடையிலேயே விட்டுவிடலாம். மீனும் வழி தவறாது.

ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் புட்சில் என்ற பழங்குடிச் சிற்றூர் 1999-இல் இவ்வகை நிலையம் ஒன்றைப் பெற்றது. இருபது கிலோவாட்டுக்கும் குறைந்த அளவு. தொண்டு நிறுவனம் ஒன்று தொழில்நுட்பம் தந்தது. ஊரார் உடலுழைப்பைத் தந்தார்கள். ஊர்க்குழு மாதக் கட்டணம் வசூலித்தது. பெண்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். இலங்கையின் மலைநாட்டு ஊர்களிலும் 1990-களிலிருந்து மின் நுகர்வோர் சங்கங்கள் இதேபோல் நூற்றுக்கணக்கான சிறு நிலையங்களை நடத்தின. இங்கே ஒரு கசப்பான செய்தியையும் சொல்லிவிட வேண்டும். நாட்டின் பொது மின்கம்பி ஊருக்கு வந்ததும் அவற்றில் பல கைவிடப்பட்டன. பழுதானால் பார்த்துக்கொள்ள வாரியம் இருக்கிறது என்று தோன்றியபின் வாய்க்காலில் சேறு அள்ள யார் இறங்குவார்கள்? சிலவற்றைப் பொதுக் கம்பியோடு இணைத்து, மின்சாரத்தை விற்கும்படி மாற்றினார்கள். ஊருக்குச் சொந்தமான நிலையத்தை வைத்துக் காப்பாற்ற விளக்கொளி மட்டும் போதாது, வருவாயும் வேண்டும் என்று அங்கே தெரிந்தது.

வருவாய் என்றதும் காற்றாலை நினைவுக்கு வருகிறது. நமது ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தலில், காற்றாலைகள் காடுபோல் நிற்கின்றன. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள திறன் எட்டு மடங்காகும் என்ற விதிதான் அந்த இடத்துக்கு இவ்வளவு மதிப்பைத் தந்தது. ஆனால் அவற்றுள் பெரும் பகுதி வெளியூர் ஆலைகளுக்கும் நிறுவனங்களுக்கும் உரியவை. ஊருக்கு எஞ்சியது நிலம் விற்ற பணமும் காவலாள் வேலையும். இதற்கு மாறாக, நீலகிரி அடிவாரத்தில் மேட்டுப்பாளையம் அருகேயுள்ள ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைத் தானே வாங்கியது. விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சியின் சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்ந்தது அது. காற்றாலை நிற்பது உடுமலைப் பக்கத்து மைவாடியில். அங்கேதான் காற்று நன்றாக வீசுகிறது. ஆண்டுக்கு 6.75 லட்சம் யூனிட் வரையில் கிடைத்தது என்பது பலமுறை வெளிவந்த கணக்கு. ஊராட்சியின் தேவை போக மிச்சம் வாரியத்துக்கு விற்கப்பட்டது. ஓடந்துறையைப் பழங்குடி ஊராட்சி என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு கிராமசபை மின்நிலையத்துக்கு முதலாளியாக இருக்க முடியும் என்பதற்கு நம் மாநிலத்தில் அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

கனடாவுக்கு மறுபடி போவோம். ஹூரான் ஏரியிலுள்ள மானிட்டூலின் தீவில் ம்சிகீங் என்ற பழங்குடிச் சமூகம் 2012-இல் 2 மெகாவாட் காற்றாலைகள் இரண்டை நிறுவியது. முழுவதும் அவர்களுக்கே சொந்தம். ஒன்டாரியோ மாகாணத்தில் அப்படி அமைந்த முதல் காற்றாலைப் பண்ணை அது. குந்தா அணைகளுக்கு நிபுணர்களை அனுப்பிய நாடு, தன் பழங்குடியினர் மின்சாரம் விற்பதைப் பார்க்க அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

நார்வேயில் நேர்ந்தது இதற்கு மறுபக்கம். அந்நாட்டின் வடகோடியில் ஆல்டா அணைக்கு எதிராகச் சாமி இனத்தவர் 1979-இல் தலைநகரில் நாடாளுமன்றத்தின் எதிரே கூடாரம் அடித்து உண்ணாநோன்பு இருந்தார்கள். அணை 1987-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் 1989-இல் அவர்களுக்கென்று தனி நாடாளுமன்றமும் அமைந்தது. அணையில் கற்ற பாடம் காற்றாலைக்கு உதவும் என்றுதானே நினைப்போம்? ஃபோசன் தீபகற்பத்தில் சாமிகளின் கலைமான் மேய்ச்சல் நிலத்தில் 151 காற்றாலைகள் எழுந்தன. 2021 அக்டோபரில் நார்வே உச்சநீதிமன்றம் அந்த உரிமங்கள் செல்லாதவை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தும் காற்றாலைகள் சுழன்றுகொண்டே இருந்தன. 500 நாள் கழித்துச் சாமி இளைஞர்கள் அமைச்சகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும் ஒருவாறு உடன்பாடுகள் ஏற்பட்டன. புகை விடாத இயந்திரம் என்பதால் அது யாருக்கும் தீங்கு செய்யாது என்று சொல்லிவிட முடியாது. மான் கூட்டம் காற்றாலையின் பக்கம் மேயப் போகாவிட்டால், மேய்ப்பவருக்கு அது நிலம் போனதற்குச் சமம்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோரின் நில உரிமையை ஏற்றுக்கொண்டது. தமிழகத்தில் நீதிமன்ற ஆணை ஒன்றால் பட்டா வழங்குவது சில ஆண்டுகள் தடைப்பட்டிருந்தது. 2016-இல் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு பட்டியல் உண்டு. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, சாலை, குடிநீர்க் குழாய் என்று 13 வசதிகள். அவற்றுள் ஒன்று மரபுசாரா எரிசக்தி. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராமசபை பரிந்துரைக்க வேண்டும். 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின் நீண்ட வழியில் போக வேண்டியதில்லை. ஒரு சிறு புனல் மின்நிலையத்துக்கு ஒரு ஹெக்டேர் தாராளம்.

ஆனால் அதே வரியில் ஒரு சொற்றொடர் இருக்கிறது: அரசு நிர்வகிக்கும் வசதிகள். கிராமசபை பரிந்துரை செய்யலாம், நடத்துவது அரசு. ம்சிகீங் மக்களுக்குக் கிடைத்ததும் லோங் லாவென் மக்கள் எடுத்துக்கொண்டதும் இதுவன்று. அங்கே சாவியே ஊர் கையில் இருக்கிறது. இங்கே கையெழுத்து மட்டும் ஊருடையது. 1911-ஆம் ஆண்டு விதிகளை ஒட்டி நான் முன்பு சொன்ன 'அனுமதி பெற்றவர்' என்ற நிலை முழுவதும் போய்விடவில்லை என்பது என் கருத்து.

அந்த மாணவர் பிறகு என்ன செய்தார் என்று கேட்பீர்கள். பங்குனி மாதம், மழையே இல்லாத நாளில், மூன்று நண்பர்களோடு தம் ஊர் ஓடையை அளந்தார். கல்லால் கரை கட்டி, ஒடிந்த குழாய்த் துண்டு ஒன்றின் வழியாக நீரைச் சேர்த்து, 20 லிட்டர் வாளியைக் கீழே வைத்தார்கள். வாளி நிரம்ப 5 நொடி. ஆக நொடிக்கு 4 லிட்டர். உயரத்தைக் கொத்தனார் பயன்படுத்தும் மட்டக்குழாயைக் கொண்டு படிப்படியாக அளந்தார்கள். 22 மீட்டர் வந்தது. 4 × 22 × 9.8 = 862 வாட். இவ்வளவு சிறிய அளவில் பாதிதான் தேறும். 430 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இவ்வளவுதானா சாறே?" என்று நோட்டை நீட்டினார். கோதையாறு நிலையம் திறந்த காலத்தில் இதைக் கொண்டு 60 வாட் பல்பு ஏழுதான் எரிந்திருக்கும். ஊராரும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இன்று 9 வாட் எல்.இ.டி. விளக்கு 47 எரியும். அதுவும் ஆண்டிலேயே நீர் குறைந்த நாளில். இரண்டு பருவமழையும் பெறும் மலை இது. கம்பி அறுந்து நாட்கணக்கில் இருட்டில் கிடக்கும் அந்த ஐப்பசி மழைக்காலத்தில்தான் ஓடையில் நீர் மிகும் என்பதைக் கவனியுங்கள்.

ஆடி மாத அளவை இன்னும் எடுக்கவில்லை. அப்போது ஓடையில் வாளி நிற்காது. பலகையில் முக்கோண வெட்டு வெட்டி, ஓடைக்குக் குறுக்கே நிறுத்தி, வெட்டின் வழியாக வழியும் நீரின் உயரத்தைக் கொண்டு கணக்கிட வேண்டும். அந்தப் பலகையை ஆய்வகத்தில் செய்துகொண்டிருக்கிறோம். படகில் ஏற்ற முடிகிற அகலத்துக்குள் இருக்க வேண்டும் என்று படகோட்டி சொல்லியனுப்பியிருக்கிறார்.